பல்லுக்கு ஒரு துணைக்கால்

ஜூன் 3, புதன்

டாக்டர் அவர்களுக்கு,

வரலாறு மறக்க முடியாத செய்தி ஒன்றை ஆழ்ந்த பொறுப்புணர்ச்சியுடன் தெரிவிக்கிறேன். நேற்று இரவு எட்டு மணி பதினேழு நிமிடத்துக்கு, நம் வீட்டுச் சமையலறையிலிருந்து ஒரு வாழைப்பழம் விடுதலை பெற்றது. விடுவித்தவன் நான். உயிர்ச்சேதம் எதுவும் இல்லை, வாழைப்பழத்தைத் தவிர. தோல் முழு மரியாதையுடன் குப்பைக்கூடையில் நல்லடக்கம் செய்யப்பட்டது.

இது மன்னிப்புக் கடிதம். அப்பா எழுதச் சொன்னார். "ஒரு பக்கம் முழுசா இருக்கணும், எழுத்தைப் பெருசாக்கி ஏமாத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்து, பழுது பார்க்க எடுத்து வந்த ஏதோ ஒரு கட்டடத்து லிஃப்டின் பொத்தான்களைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் முகாம் நடத்தும் மலையில் போன் எடுக்காதாம். வியாழக்கிழமை மருந்து வண்டியில் கொடுத்தால் கடிதம் வந்து சேரும், சனிக்கிழமை அதே வண்டியில் பதில் வரும் என்று கீழே உங்கள் கிளினிக் அக்கா சொன்னார். ஆகவே எழுதுகிறேன்.

குற்றம் இதுதான். போன வாரம் நம் கட்டடத்து லிஃப்டுக்குள் நான் ஒரு காகிதம் ஒட்டினேன். அதில் இருந்தது: "காலமானார். எங்கள் வீட்டுச் சமையலறை, ஐந்தாம் மாடி, தினமும் இரவு ஏழரை மணிக்குக் காலமாகிறது. காலை ஆறரைக்கு உயிர்த்தெழும். இப்படிக்கு, துயருறும் வயிறுகள் இரண்டு. வயது பதினான்கு, பதினொன்று."

ஏழு மாடிக்காரர்களும் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை கிளம்ப வேண்டிய முகாமுக்கு சனிக்கிழமையே கிளம்பிவிட்டீர்கள். ஆகவே மன்னிப்புக் கேட்கிறேன் (அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார்).

இனி என் தரப்பு. ஃபிரிட்ஜ் கதவில் நீங்கள் ஒட்டிய ஏழு விதிகளில் ஆறுக்குத் தலைவணங்குகிறேன். நான்காவது விதி: "இரவு 7.30க்குப் பிறகு தண்ணீர் மட்டும்." சாப்பாடு ஏழு மணிக்கு. தூக்கம் ஒன்பதரைக்கு. நடுவே இரண்டு மணி நேரம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கிறேன், கடிக்க வேறெதுவும் இல்லாததால். "இரவு" என்றால் ராத்திரி, "இரவு" என்றால் பிச்சை கேட்பதும்தான் என்று தமிழ் வாத்தியார் நேற்று சொன்னார். பசியோடு படுத்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான் சார் என்றேன். வெளியே நிற்க வைத்தார்.

தங்கச்சி வாலு நலம். அப்பாவைக் கல்யாணம் செய்து நீங்கள் வந்த முதல் நாளே அவள் உங்களைச் சித்தி என்று கூப்பிட்டுவிட்டாள். நான் எட்டு மாதமாக டாக்டர் என்றே கூப்பிடுகிறேன். மரியாதை காரணமாக.

பக்கம் முடிந்தது.

இப்படிக்கு,
கடி
(ஜோக் சொல்லியே கடிக்கிறேன் என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர். கடிக்க ஒன்றும் தராத வீட்டில் என்ன பொருத்தம்!)


ஜூன் 5, வெள்ளி

கடிக்கு,

கடிதம் கிடைத்தது. மன்னிப்பு அடைப்புக்குறியோடு வந்திருக்கிறது. அடைப்புக்குறியை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பு.

நான்காவது விதி மாறாது. நேற்று பல் பஸ்ஸில், அதாவது எங்கள் நடமாடும் கிளினிக்கில், ஏறிய ஒரு பையனுக்கு உன் வயது. கடைவாய்ப் பற்கள் நான்கும் சொத்தை. தூங்கப் போகும்போது என்ன சாப்பிடுவாய் என்று கேட்டேன். தலையணைக்குக் கீழே பிஸ்கட் வைத்திருப்பேன் என்றான், பெருமையாக. இரண்டைப் பிடுங்கினேன். அழவில்லை. அவன் அம்மாதான் அழுதார்கள்.

நான் கிளம்பிய அவசரத்தில் ஒன்றைச் சொல்ல மறந்தேன். இத்துடன் இருக்கும் சீட்டை ஃபிரிட்ஜில் ஒட்டவும்:

இரவு 8.30 – பல் – 2 நிமிடம் – கட்டாயம். இருவருக்கும்.

இன்னொரு விஷயம். முகாமை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கப் போகிறார்கள். என்னால் இருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஜூன் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். உன் அப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். உனக்கும் தெரிந்திருக்கட்டும். அந்த வீட்டுக்கு நான் தேவையா, தொந்தரவா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

வாலுவின் ஆடும் பல்லை நூல் கட்டி இழுக்க வேண்டாம். தானாக விழும்.

– டாக்டர்


ஜூன் 10, புதன்

டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் பெருந்தன்மையை எப்படிப் பாராட்டுவது என்று தெரியவில்லை. நான்காவது விதி மாறாது என்று கறாராக எழுதிவிட்டு, சீட்டில் மட்டும் இப்படி அள்ளிக் கொடுப்பீர்கள் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை.

சீட்டை அப்பாதான் சத்தமாகப் படித்தார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

"இரவு எட்டரை, பால், ரெண்டு நிமிஷம், கட்டாயம். பாலா? நல்லாப் பாருடா, எனக்கு உங்க சித்தி எழுத்து ஒண்ணும் புரிய மாட்டேங்குது."

"பால்தாம்பா. தெளிவா கால் போட்டிருக்கே."

"ரெண்டு நிமிஷம்னா?"

"அவ்வளவு நேரம் காய்ச்சணும்."

"இருவருக்கும்னு வேற போட்டிருக்கா. சரி, டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அப்பா லிஃப்ட் மாதிரி. கடைசியாக யார் அமுக்கினார்களோ அந்த மாடிக்குப் போய் நிற்பார். அன்றிலிருந்து தினமும் எட்டரைக்கு இரண்டு தம்ளர் சூடான பால். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, சரியாக இரண்டு நிமிடம் காய்ச்சுகிறார். முந்தாநாள் பொங்கிவிட்டது. நான் பொங்கி எழுந்து உரிமை கேட்டது போக, இப்போது பாலே எங்களுக்காகப் பொங்குகிறது. இந்த மாபெரும் வெற்றியை உலகத்துப் பதின்ம வயது வயிறுகள் அனைத்துக்கும் சமர்ப்பிக்கிறேன்.

ஆறு மாதம் பற்றி எழுதியிருந்தீர்கள். தாராளமாக இருங்கள். எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. பால்தான் கிடைக்கிறதே.

இப்படிக்கு,
வெற்றி வீரன் கடி


ஜூன் 17, புதன்

டாக்டர் அவர்களுக்கு,

சனிக்கிழமை வண்டி வந்தது. காலிப் பெட்டிகள் இறங்கின. துவைக்க வேண்டிய வெள்ளைக் கோட்டுகள் இறங்கின. கடிதம் இறங்கவில்லை. வண்டிக்காரரை மறுபடி தேடச் சொன்னேன். "தம்பி, நானே ரெண்டு தடவை பாத்துட்டேன், உனக்கு ஒண்ணும் வரல" என்றார். அப்பாவுக்கும் வரவில்லை. அவர் அன்று பாலை மூன்று நிமிடம் காய்ச்சினார்.

நீங்கள் எழுதாததற்கு நான்தான் காரணம் என்று வாலு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், பேசாமலே இருந்திருக்கலாம். நடந்தது இது.

"நீ ஒட்டினியே காகிதம், அதை யார் யார் படிச்சாங்கன்னு தெரியுமா?"

"எல்லாரும். சூப்பர் ஹிட்."

"நானும் சித்தியும் காய் வாங்கிட்டு லிஃப்ட்ல வந்தோம். மூணாம் மாடி ஆன்ட்டி ஏறினாங்க. படிச்சிட்டு என் தலையைத் தடவி, 'பாவம், பெத்தவ இருந்திருந்தா இப்படி வயித்தைப் பூட்டுவாளா'ன்னாங்க. சித்தி பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தாங்க."

"சித்தி என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அஞ்சாம் மாடி வந்ததும் இறங்கினாங்க. தக்காளிப் பையை லிஃப்ட்லயே விட்டுட்டாங்க."

அந்தத் தக்காளிப் பையை ஏழாம் மாடியிலிருந்து எடுத்து வந்தவனே நான்தான். டாக்டருக்கு மறதி என்று அதற்கும் ஒரு ஜோக் சொன்னேன். நீங்கள் அன்றைக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

நான் சமையலறையைப் பற்றித்தான் எழுதினேன். உங்களைப் பற்றி எழுதவில்லை. எங்கள் அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது, அவரைப் பற்றியும் எழுதவில்லை. ஆனால் படிப்பவர்கள் அப்படித்தான் படிப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வார்த்தையை இரண்டு விதமாகப் படிக்க வைப்பதுதானே என் வேலையே. எனக்கே தோன்றவில்லை.

மன்னிப்புக் கேட்கிறேன். அடைப்புக்குறி இல்லை. அப்பா வேலைக்குப் போயிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியது "பல்". அதற்குப் பக்கத்தில் ஒரு துணைக்கால் போட்டவன் நான். உங்கள் நீல மையும் என் நீல மையும் ஒன்றாக இருந்துவிட்டது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. ஒரு கால் போட்டு உங்கள் காலை வாரிவிட்டேன்.

கடி


ஜூன் 19, வெள்ளி

கடிக்கு,

போன வெள்ளிக்கிழமை மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் கிழித்தேன். ஒன்றில் கோபம் அதிகம். ஒன்றில் அழுகை அதிகம். மூன்றாவதில் உன்னை மாதிரியே ஜோக் சொல்லப் பார்த்தேன், அதுதான் மூன்றிலும் மோசம்.

நேற்று உன் கடிதத்தைப் பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். ஒரு பெரியவருக்கு ஊசி போட்டு, மரத்துப்போவதற்காகக் காத்திருந்த நேரம். துணைக்கால் விஷயம் வந்ததும் சிரித்துவிட்டேன். வாய் கோணியபடி அவரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல். இருபது வருடத்தில் பல்லுக்கு வேர் பார்த்திருக்கிறேன், முனை பார்த்திருக்கிறேன். கால் முளைத்து இப்போதுதான் பார்க்கிறேன்.

லிஃப்டில் நடந்தது நடந்ததுதான். எனக்கு வலித்தது உன் காகிதம் இல்லை. அந்த அம்மா சொன்னதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லையே, அதுதான். ஏனென்றால் எனக்கே சந்தேகம் இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்குள் வந்தபோது, இரண்டு பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பல். ஆகவே பல்லிலிருந்து ஆரம்பித்தேன். விதி ஒன்று முதல் ஏழு வரை எழுதி ஒட்டியதும் ஏதோ செய்துவிட்டதாக நிம்மதியாக இருந்தது. உங்களுக்குப் பசிக்கிறதா என்று கேட்கவே இல்லை.

ஒரு ரகசியம். உன் அப்பாவுக்கும் தெரியாது. ஹாஸ்டலில் படித்த காலத்தில் தினமும் படுக்கையில் படுத்துக்கொண்டு பால்பவுடரில் சர்க்கரையைக் கலந்து கரண்டியால் தின்பேன். பல் மருத்துவம் படித்துக்கொண்டே. அதன் ஞாபகமாக என் வாயில் இரண்டு பல் அடைத்திருக்கிறது. பசியைப் பற்றி எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

இப்போது கேட்கிறேன். ராத்திரியில் உனக்கு உண்மையாகவே வயிறு கேட்கிறதா, வாய் கேட்கிறதா? சனி முதல் செவ்வாய் வரை கவனித்து எழுது. வாலுவுக்கு எப்படி என்று தனியாக எழுது. பொய் எழுதினால் எனக்குத் தெரியாது. அதனால்தான் உன்னிடம் விடுகிறேன்.

முகாம் விஷயம் இன்னும் முடிவாகவில்லை.

– டாக்டர்


ஜூன் 24, புதன்

அன்புள்ள சித்தி,

தாங்கள் கேட்ட விசாரணை அறிக்கை தயார்.

சனி. இரண்டு மணி நேரம் பந்து விளையாட்டுப் பயிற்சி. இரவு 8.20க்குப் பசி. வயிறுதான். சாட்சி: வாலு. என் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அண்ணா, உள்ள லிஃப்ட் ஓடுது" என்றாள். பால் குடித்தேன். லிஃப்ட் ஒரு மாடி இறங்கி நின்றது. ஒன்பது மணிக்கு மறுபடி ஏறியது. அவித்த முட்டை ஒன்று சாப்பிட்டேன். சேவை நிறுத்தப்பட்டது.

ஞாயிறு. பயிற்சி இல்லை. பசி இல்லை. ஆனால் டிவியில் சிப்ஸ் விளம்பரம் வந்ததும் ஏதோ கேட்டது. மனசாட்சிப்படி எழுதுகிறேன், வாய். வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வயிறு தூங்கிக்கொண்டிருந்தது.

திங்கள், செவ்வாய். பயிற்சி. மறுபடி வயிறு. பாலும் வேர்க்கடலையும். இரண்டு நாளும் படுத்ததும் தூங்கினேன். பல் தேய்த்துவிட்டுத்தான் படுத்தேன், இதற்கு அப்பா சாட்சி.

கூடுதல் ஆதாரம்: கதவுச் சட்டத்தில் பென்சில் கோடு போட்டுப் பார்த்தோம். ஐந்து மாதத்தில் ஆறு சென்டிமீட்டர். என் பேன்ட் எல்லாம் கணுக்காலோடு உறவை முறித்துக்கொண்டுவிட்டன.

வாலுவின் அறிக்கை வேறு. அவளுக்கு ராத்திரியில் பசிப்பதே இல்லை. பாலை எனக்குப் போட்டியாகக் குடிக்கிறாள், பிறகு காலையில் தட்டைத் தள்ளிவிடுகிறாள். அவளுக்கு உலகமே இருட்டிக்கொண்டு வருவது சாயங்காலம் நாலு மணிக்கு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும். அப்போது விதி மூன்றின்படி ஒரு பிஸ்கட். பாதியில் முடிந்து போகிறது. அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் போனால் கடிக்கிறாள், ஜோக் இல்லாமல்.

தீர்ப்பு: இரண்டு வயிற்றுக்கு ஒரே சட்டம் போட்டதுதான் தவறு. ஒருத்திக்கு நாலு மணி, ஒருவனுக்கு எட்டரை மணி.

அப்பாவிடம் துணைக்காலைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்தார். "அப்போ ரெண்டு நிமிஷம்கிறது பல் தேய்க்கிறதா? நான் ரெண்டு வாரமா அடுப்பு முன்னாடி நின்னு கடிகாரம் பாத்துட்டு இருக்கேனே!" என்றார். காதைத் திருகினார். பிறகு பால் காய்ச்சப் போனார்.

ஆறு மாதம் பற்றி. "எங்களுக்கு ஆட்சேபனை இல்லை" என்று எழுதியிருந்தேன். அதில் கடைசி வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு மறுபடி படிக்கவும்.

கடி


ஜூன் 26, வெள்ளி

கடிக்கு,

அடித்துவிட்டுப் படித்தேன்.

நீட்டிப்புக்கு வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஜூலை பதினொன்று, சனிக்கிழமை, மருந்து வண்டியிலேயே வருகிறேன்.

அறிக்கை நன்று. நான்காவது விதி ரத்து. மூன்றாவதும். கீழே இருப்பதை உன் கையெழுத்தில் எழுதி ஒட்டு, என் எழுத்தை யாராலும் படிக்க முடியவில்லை.

வாலுவுக்கு நாலு மணிக்கு முட்டையோ, சீஸ் வைத்த ரொட்டியோ, வயிறு நிறைகிற மாதிரி. ராத்திரிப் பால் அவள் கேட்டால் மட்டும். உனக்குப் பயிற்சி நாட்களில் எட்டரைக்குப் பால், கூடவே முட்டை, வேர்க்கடலை, பழம், ரொட்டி இவற்றில் ஒன்று. மற்ற நாட்களில் வயிற்றைக் கேட்டுக்கொள். மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். படுக்கையில் எதுவும் கூடாது. இனிப்பு சாப்பாட்டோடு சரி, ராத்திரியில் வேண்டாம், ஒட்டுகிற இனிப்பு வேண்டவே வேண்டாம். யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. நானும்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாக எழுது: முதலில் பால், பிறகு பல். பல் தேய்த்தபின் தண்ணீர் மட்டும்.

குழந்தைக்கு முதலில் முளைப்பதைப் பால்பல் என்கிறோம். அதிலும் பால்தான் முன்னால் வருகிறது, பல் பின்னால். இது நான் சொன்ன ஜோக். எப்படி இருக்கிறது என்று எழுது.

– சித்தி


ஜூலை 1, புதன்

அன்புள்ள சித்தி,

ஜோக் சுமார். முதல் முயற்சி என்பதால் பாஸ் மார்க்.

வெற்றி! புதிய சட்டம் ஃபிரிட்ஜில் ஏறிவிட்டது. ஏற்றியபோது நான் வாயாலேயே டிரம்பெட் ஊதினேன். வாலு தட்டைத் தட்டினாள். அப்பா வேர்க்கடலை டப்பாவை இரண்டு கையாலும் உயர்த்தி, கோப்பை வென்றவர் மாதிரி ஹாலைச் சுற்றி வந்தார். மூடி கழன்று பாதிக் கடலை சோபாவுக்கு அடியில் போனது. அதையும் வெற்றி ஊர்வலத்தின் ஒரு பகுதியாகவே கருதுகிறோம்.

ஆனால் உண்மையான வெற்றி நேற்று மூன்றாம் மாடியில் கிடைத்தது. லிஃப்ட் நின்றது. ஆன்ட்டி கதவருகில் டாஃபி டப்பாவுடன் நின்றிருந்தார்.

"வாப்பா, பாவம், முகமே வாடிப் போயிருக்கு. இந்தா, ரெண்டு டாஃபி எடுத்துக்கோ."

"வேண்டாம் ஆன்ட்டி."

"வீட்ல திட்டுவாங்களா? நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"எங்க வீட்ல இப்ப ஒன்பது மணி வரைக்கும் சமையலறை திறந்திருக்கு ஆன்ட்டி. உங்க வீட்ல எத்தனை மணிக்கு மூடுவீங்க?"

"நாங்களா? எட்டு மணிக்கெல்லாம் எல்லாம் கழுவிக் கவுத்துடுவோம்."

"அச்சச்சோ, பாவம்."

ஆன்ட்டியின் கை டாஃபியோடு அப்படியே நின்றுவிட்டது. அதோடு விடவில்லை. "லிஃப்ட்ல நான் ஒட்டினது ஜோக் ஆன்ட்டி. தப்பான ஜோக். எங்க சித்தி யாரையும் பட்டினி போடல. அவங்க பக்கத்துல நிக்கும்போது நீங்க சொன்னதும் தப்பு" என்றேன்.

ஆன்ட்டி டாஃபியை டப்பாவில் போட்டு மூடினார். பிறகு, "அவ வரட்டும், நானே வந்து பேசறேன்" என்றார். லிஃப்ட் மூடிக்கொண்டது.

ஒரு டாஃபி கூட எடுக்கவில்லை, சித்தி. இரும்பு மனிதன் என்று சரித்திரம் என்னை அழைக்கட்டும்.

கடி


ஜூலை 3, வெள்ளி

கடிக்கு,

மூன்றாம் மாடிப் பகுதியை இங்கே பஸ்ஸில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நர்ஸ் கை தட்டினார். டிரைவர் "பையன் யாரு?" என்று கேட்டார். என் பையன் என்றேன். சொல்லிவிட்டு, சொன்னேனா என்று நானே ஒரு நிமிடம் யோசித்தேன். சொல்லியிருக்கிறேன்.

டாஃபியை மறுத்த கதையைப் பல் வலியோடு வந்த பிள்ளைகள் நாலு பேருக்கும் சொல்லியிருக்கிறேன். அதில் ஒருவன் தன் பையில் இருந்ததை எடுத்து என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனான். நீ இங்கே பெரிய ஆள்.

பதினொன்றாம் தேதி சனிக்கிழமை பார்க்கலாம்.

– சித்தி


ஜூலை 8, புதன்

அன்புள்ள சித்தி,

இதை எழுதாமல் விட்டிருப்பேன். உங்கள் கடைசிக் கடிதத்தை வாலு சத்தமாகப் படித்தாள். "என் பையன்" என்ற இடத்தில் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதில் தூசியே இல்லை. அந்தப் பையன் பையைக் காலி செய்துவிட்டுப் போனான் என்று கேட்டதும் என்னால் உட்கார முடியவில்லை. என் பெயரைச் சொல்லி மலையில் பிள்ளைகள் டாஃபியைத் தியாகம் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே சொல்லிவிடுகிறேன்.

நான் டாஃபியை மறுத்தது உண்மை. ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. ஆனால் அது முப்பத்தி நாலாவது டாஃபி.

லிஃப்டில் காகிதம் ஒட்டிய மறுநாளே ஆன்ட்டி "பாவம்" என்று சொல்லி ஒன்று கொடுத்தார். நல்ல ஒட்டுகிற ரகம். பல்லில் அப்பிக்கொண்டு அரை மணி நேரம் வரும். அதன் பிறகு தினமும் சாயங்காலம் மூன்றாம் மாடியில் இறங்கி, முகத்தை வாட வைத்துக்கொண்டு நிற்பேன். கண்ணாடி பார்த்துப் பழகினேன். கிடைத்ததைத் தலையணைக்குக் கீழே வைத்து, பல் தேய்த்த பிறகு தின்றேன். ஞாயிற்றுக்கிழமை பசி இல்லை என்று மனசாட்சிப்படி எழுதினேனே, அன்றைக்கு மூன்று டாஃபி. பசி எப்படி இருக்கும்? மற்ற மூன்று நாள் பசி நிஜம், அதை மட்டும் நம்புங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்று சொன்னதற்கு வீரம் பாதிக் காரணம். ஆன்ட்டியிடம் உங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று முதல் நாள் ராத்திரியே முடிவு செய்திருந்தேன், சத்தியமாக. மீதிப் பாதி என்னவென்றால், அன்று மத்தியானத்திலிருந்து என்னால் எதையும் கடிக்க முடியவில்லை.

இடது பக்கம், கீழே, கடைசிக்கு முந்தின பல். எட்டு நாளாக வலது பக்கமாகவே சாப்பிடுகிறேன். பால் சூடாக இருந்தால் சுரீர் என்கிறது, ஆற வைத்துக் குடிக்கிறேன். டார்ச் அடித்து வாலு பார்த்தாள். "அண்ணா, கறுப்பா ஒரு குகை இருக்கு" என்றாள். வளர்ந்து பெரியவனாகிச் சொத்து சேர்க்க வேண்டிய வயசில் சொத்தை சேர்த்திருக்கிறேன்.

கிளினிக் அக்கா நேற்று என் தாடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். பக்கத்துத் தெருவில் ஒரு டாக்டர் இருக்கிறார், போய்க் காட்டு என்றார். மாட்டேன், எங்க சித்தி வரட்டும் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை முதல் ஆளாக என்னை எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பெட்டியைக் கூட மேலே ஏற்ற வேண்டாம், நேராகக் கிளினிக்குக்கு வந்துவிடுங்கள்.

மலையில் அந்தப் பையனிடம் மட்டும் இதைச் சொல்லாதீர்கள். ஊசி போடும்போது கொஞ்சம் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடி